குழம்பியுள்ளது: சொற்புதிரும் விடைதேடும் கருவியும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துக்கென்று ஒரு தனி வழக்கம் உண்டு. குறிப்பின் கடைசியில் அடைப்புக்குள் 'திரும்பியுள்ளது' என்றோ 'குழம்பியுள்ளது' என்றோ போட்டிருப்பார்கள். திரும்பியுள்ளது என்றால் விடையைக் கடைசி எழுத்தில் தொடங்கிக் கட்டங்களில் நிரப்ப வேண்டும். குழம்பியுள்ளது என்றால் எழுத்துகள் கட்டங்களில் இடம் மாறிக் கிடக்கும். எந்த எழுத்து எந்தக் கட்டத்துக்கு என்பதை, அதை வெட்டிப் போகும் மற்றச் சொற்களைக் கொண்டுதான் தீர்மானிக்கலாம். ஆங்கிலப் புதிர்களில் எழுத்துக் குழப்பம் குறிப்புக்குள் இருக்கும், விடை நேராகவே கட்டத்துக்குள் போகும். நம்முடையதில் விடையே குழம்பி உட்காருகிறது.

இது ஏன் வந்தது என்று யோசித்தால், புதிர் அமைப்பவரின் சிரமம் தெரியும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இரண்டு சொற்கள் ஒரு கட்டத்தில் சந்திக்க வேண்டுமானால் இரண்டிலும் அதே எழுத்து வேண்டும். 'தி' இருக்கும் இடத்தில் 'தீ' உதவாது. சந்திப்புகள் அரிதாகின்றன, சொல்லை நேராக வைக்க வழியில்லாத இடத்தில் திருப்பியோ குழப்பியோ வைத்தால் கட்டம் ஒப்பேறும். அமைப்பவர் தம் வசதிக்காகக் கைக்கொண்ட உத்தி, தீர்ப்பவருக்குத் தனிச் சுவையாகிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் கொழும்பில் தொடங்கிய நாளேடுகள். அவற்றின் வாரப் பதிப்புகளும் மித்திரன் வாரமலரும் மலையகத்துக்கு வந்து சேரும்போது குறுக்கெழுத்தும் கூடவே வந்தது. கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஹட்டன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர் மடித்த பத்திரிகையை முழங்காலில் வைத்துக் கட்டம் நிரப்புவது இந்த ஊருக்குப் புதிய காட்சியல்ல. புதியது கைத்தொலைபேசி. ஒரு குறிப்பு மடக்கிப் போட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்ட காலம் போய், எழுத்துகளைத் தட்டி விடை கேட்கும் காலம் வந்திருக்கிறது. ஆங்கிலப் புதிர் ஆடுபவருக்கு அந்தக் கருவி உடனே விடை தருகிறது. தமிழ்ப் புதிர் ஆடுபவரைப் பெரும்பாலும் கைவிடுகிறது. ஏன் கைவிடுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

முதலில் கருவி வேலை செய்யும் விதம். ஐந்து எழுத்துகளை 120 விதமாக அடுக்கலாம், ஆறு எழுத்துகளை 720 விதமாக. கருவி இவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்ப்பதில்லை. தன்னிடமுள்ள சொற்பட்டியலில் ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் நிறுத்தி, அந்த வரிசையை அச்சொல்லின் முகவரியாக முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும். நீங்கள் கொடுக்கும் குழம்பிய எழுத்துகளையும் அதேபோல் வரிசைப்படுத்தினால், ஒரே முகவரியில் இருக்கும் சொற்கள் எல்லாம் ஒரு நொடியில் வெளிவரும். சில எழுத்துகள் தெரிந்து சில தெரியாதபோது, தெரியாத இடத்துக்குக் கேள்விக்குறி போட்டுத் தேடுவது இன்னொரு வகை. பட்டியல் பெரிதானால் அதை மரம்போல் கிளைபிரித்துச் சேமிப்பார்கள். அந்த முறையில் மிக வேகமான ஸ்கிராபிள் நிரலை அப்பெல், ஜேக்கப்சன் என்ற இருவர் 1988 இலேயே விவரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் இத்துறை எட்டிய உயரம் சாதாரணமானதல்ல. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகித்துக் கண்டுபிடிக்கும் ஆட்டமாக ஜோஷ் வார்டில் 2021 இல் வெளியிட்ட வேர்டிலை 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அவ்வாண்டிலேயே, எந்தச் சொல்லில் தொடங்கி எப்படி ஆடினால் சராசரியாக 3.421 முயற்சிகளில் விடையை எட்டலாம் என்று கணித ஆய்வாளர்கள் நிறுவினார்கள். அதைவிடக் குறைவான சராசரி அந்த விடைப் பட்டியலுக்குச் சாத்தியமே இல்லை. குறுக்கெழுத்தில், மேத்யூ கின்ஸ்பெர்க் உருவாக்கிய டாக்டர் ஃபில் என்ற நிரல், பெர்க்லி ஆய்வாளர்களோடு இணைந்து 2021 இல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் போட்டியில் மனிதர்கள் எல்லோரையும் விஞ்சிய புள்ளி பெற்றது. இத்தனைக்கும் அடித்தளம் மிக எளியது: கணினிக்கு ஓர் ஆங்கில எழுத்து என்பது ஒரே குறியீடு.

தமிழில் அந்த அடித்தளமே ஆடுகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில், அகரமேறியவை தவிர்ந்த உயிர்மெய் எழுத்து ஒரே அலகாகச் சேமிக்கப்படுவதில்லை. அகரமேறிய மெய் ஒன்று, உயிர்க்குறி ஒன்று என இரண்டாகவே சேமிக்கப்படுகிறது. தனி மெய்யும் அப்படித்தான்: அகரமேறிய எழுத்து ஒன்று, புள்ளி ஒன்று. 'கண்டி' நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறியீடுகள்: க, ண, புள்ளி, ட, இகரக் குறி. இந்த ஐந்தையும் இடம் மாற்றினால் 'கிண்ட' என்று வரும், சோறு கிண்ட என்பதில் வரும் கிண்ட. ஆங்கிலத்துக்குச் செய்த கருவியைத் தமிழுக்கு அப்படியே திருப்பினால், கண்டியும் கிண்டவும் ஒரே எழுத்துகளால் ஆனவை என்று அது அடித்துச் சொல்லும். 'கட்டி', 'கிட்ட' இரண்டையும் அப்படியே சொல்லும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த குழந்தைகூட ஏற்காத விடை இது. கண்டியில் க, ண், டி. கிண்டவில் கி, ண், ட. பொதுவான எழுத்து 'ண்' ஒன்றுதான்.

திருப்புவதிலும் இதே கதை. 'கண்டி'யைத் திருப்பினால் நாம் டி, ண், க என்று வைப்போம். குறியீடுகளைத் திருப்பும் நிரல் ஒட்ட இடமில்லாத இகரக் குறியை முதலில் வைத்துவிட்டுத் திகைத்து நிற்கும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. 'கௌ' என்பதில் வருவது ஔகாரக் குறியா, அல்லது யாரோ கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டியதா என்பதும் பல தட்டச்சுப் பிரதிகளில் குழப்பம். 'ஸ்ரீ' எழுத இரண்டு குறியீட்டு வழிகள் உண்டு. நாட்டின் பெயரிலேயே அந்த எழுத்து வருகிற நமக்கு இது சில்லறை விஷயமல்ல. சொற்பட்டியலைக் கருவிக்குக் கொடுக்குமுன் இவற்றையெல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவராவிட்டால், இருக்கிற சொல்லையே இல்லை என்று சொல்லும்.

இதைச் சரிசெய்ய முடியாதென்றில்லை. முத்து அண்ணாமலை தொடங்கி வைத்த ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற மென்பொருள் தொகுப்பு, ஒரு தொடரைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் வேலையைச் செய்கிறது. முதலில் எழுத்தாகப் பிரி, பிறகு வரிசைப்படுத்து. இந்த இரண்டு வரி ஒழுங்கைக் கைக்கொண்டாலே கண்டி கண்டியாகவும் கிண்ட கிண்டவாகவும் இருக்கும்.

எழுத்துகளின் தொகை பெரிதாக இருப்பது ஆட்டத்தின் இயல்பையும் மாற்றிவிடுகிறது. ஆங்கில வேர்டிலில் வேறுவேறான ஐந்து எழுத்துள்ள ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்தால், நெடுங்கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டுவிடுகிறோம். தமிழில் நான்கெழுத்துச் சொல் ஒன்று 247 இல் நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடாது. கண்டிப் பகுதி ஊர்ப்பெயர்களையே எடுத்துக்கொள்வோம். மறைந்திருக்கும் சொல் மாத்தளை. ஆடுபவர் பேராதனை என்று போடுகிறார். பே, ரா, த, னை ஒரு பக்கம். மா, த், த, ளை மறுபக்கம். மூன்றாம் இடத்துத் தகரம் மட்டும் பொருந்தும், மற்ற மூன்றும் வெறுங்கட்டம். ஆனால் தமிழ் அறிந்தவர் கண்ணுக்கு இன்னும் உறவுகள் தெரிகின்றன: னையிலும் ளையிலும் ஐகாரம், ராவிலும் மாவிலும் ஆகாரம். உயிர் ஒத்தால் ஒரு நிறம், மெய் ஒத்தால் இன்னொரு நிறம் என்று அரைக்குறிப்பு கொடுத்தால்தான் தமிழில் இந்த ஆட்டம் ஆடத்தக்கதாகும். விடைதேடும் கருவியும் அந்த அரைப் பொருத்தங்களைக் கணக்கில் எடுக்கும்படி அமைய வேண்டும். ஆங்கில நிரலின் மேல் தமிழ் எழுத்துருவை ஒட்டினால் இது கிடைக்காது.

நம் இலக்கண நூல்களே ஒரு விடைதேடும் முறையைத் தந்திருக்கின்றன என்பதைக் கருவி செய்வோர் கவனித்தால் நல்லது. க, ண், டி என்ற மூன்றையும் ஆறு விதமாக அடுக்கலாம். மெய் மொழிக்கு முதலாகாது. 'ண்' முன்னிற்கும் இரண்டு போயின. டகர வரிசை தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது. இன்னும் இரண்டு போயின. மிஞ்சியவை கண்டி, கடிண். ணகர மெய் சொல்லின் இறுதியில் வரலாமாகையால் இலக்கணம் இரண்டாவதைத் தடுக்காது, ஆனால் அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. விடை வந்துவிட்டது. தொல்காப்பியமும் நன்னூலும் மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் என்று வகுத்தவை, தேர்ந்த குறுக்கெழுத்துக்காரர் மனத்தில் பெயர் தெரியாமலே இயங்குகின்றன. 'ங்' கண்டால் பக்கத்தில் ககர வரிசையைத் தேடுவார், 'ஞ்' கண்டால் சகர வரிசையை.

இன்னும் நேரடியான கருவிகளும் முன்பே இருந்தன. 16ஆம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படும் மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. அதைக் ககர எதுகை, ஙகர எதுகை என்று இரண்டாம் எழுத்தின்படி அடுக்கியிருக்கிறார். முதலெழுத்து தெரியாது, இரண்டாம் எழுத்து தெரியும், அதற்குரிய சொற்கள் வேண்டும் என்ற தேவைக்கு இதைவிடப் பொருத்தமான அடுக்கு வேறென்ன? இன்றைக்குக் கேள்விக்குறி போட்டு நாம் தேடும் தேடல் அதுதான். 1594 இல் சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு சொற்களை அகரவரிசைக்குக் கொண்டுவந்தது. 1732 இல் வீரமாமுனிவர் முடித்த சதுரகராதியின் நான்கு பகுதிகளில் ஒன்று தொடையகராதி. செய்யுள் கட்டுபவருக்கு எதுகைச் சொற்களைத் திரட்டிக் கொடுப்பது. திண்ணைப் பள்ளியில் நிகண்டை மனனம் செய்தவர்கள் கருவியை மண்டைக்குள்ளேயே ஏற்றிக்கொண்டார்கள். நூலைப் புரட்டியவர்களை யாரும் கள்ளர் என்று சொல்லவில்லை.

இந்த மரபில் கண்டிக்கும் ஓர் இடம் உண்டு. தெல்தோட்டைப் பகுதியில் பிறந்த அருள்வாக்கி அப்துல் காதிறுப் புலவர் (1866–1918) கண்டிக் கலம்பகம் பாடியவர். அவர் நூல்களுள் ஒன்று சித்திரக்கவிப் புஞ்சம். சித்திரக்கவி என்பது எழுத்தை வைத்து ஆடும் ஆட்டத்தின் உச்சம். முன்னும் பின்னும் ஒன்றாகவே படிக்க வரும் மாலைமாற்று, ஓர் எழுத்தாய்க் கூட்டக் கூட்டப் புதுச்சொல் பிறக்கும் எழுத்து வருத்தனம், ஓர் எழுத்தாய்க் குறைக்கும் அக்கரச் சுதகம், இதழ் ஒட்டாத ஒலிகளால் மட்டுமே அமையும் நிரோட்டகம். இவற்றின் இலக்கணத்தைத் தண்டியலங்காரம் சொல்லணியியலில் வகுத்திருக்கிறது. எல்லாவற்றிலும் அலகு, தமிழர் எண்ணும் எழுத்து. உயிர்க்குறியைத் தனியே பிய்த்தெடுத்து எண்ணிய மாலைமாற்று தமிழில் இல்லை. 'திரும்பியுள்ளது' என்ற குறிப்பைப் பார்க்கும்போது எனக்கு மாலைமாற்றின் உறவுக்காரனைக் கண்டதுபோல் இருக்கிறது.

எழுத்துச் சிக்கல் தீர்ந்தாலும் சொற்பட்டியல் சிக்கல் இருக்கும். இதுதான் பெரியது. கருவிக்குத் தெரிந்த மொழி, அதன் பட்டியலில் உள்ள மொழி மட்டுமே. 1842 இல் மானிப்பாய் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வெளிவந்த யாழ்ப்பாண அகராதியில் ஏறக்குறைய 58,500 சொற்கள் இருந்தன. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து 1939 இல் இணைப்பும் பெற்ற சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி ஓர் இலட்சத்தைத் தாண்டியது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தென்னாசிய அகராதித் தளத்தில் அது தேடத்தக்க வடிவில் கிடைப்பதால், தமிழுக்குச் சொற்பட்டியல் தேடுவோர் முதலில் போய் நிற்பது அங்கேதான். விக்சனரி இன்னொரு ஊற்று. இரண்டும் அருமையான உழைப்பு. ஆனால் கண்டிக்காரர் கையில் இருக்கும் குறுக்கெழுத்து வேறு தமிழும் பேசுகிறது.

தமிழ்நாட்டில் லாரி, போலீஸ், ரப்பர். இங்கே லொறி, பொலிஸ், றப்பர். நாற்காலி அங்கே, கதிரை இங்கே. இது நாடு முழுவதற்கும் பொது. மலையகத்துக்குள் வந்தால் இன்னும் ஒரு படி ஆழம். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் தேயிலை பயிரிடத் தொடங்கியதற்கு முன்பே, கோப்பித் தோட்டங்களில் தமிழகத்திலிருந்து வந்த மக்களிடம் ஒரு தொழில்மொழி உருவாகத் தொடங்கியிருந்தது. பிரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் முறை. கவ்வாத்து என்றால் செடியை வெட்டிச் சீராக்குவது. லயம் அல்லது லயன் என்றால் வரிசையாகக் கட்டிய குடியிருப்பு. 'தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு, மூன்றெழுத்து' என்று குறிப்பு வந்தால் மலையகத்துப் பிள்ளை கண்மூடி எழுதும். பேரகராதியை நம்பிய கருவியிடம் லயம் இருக்கும், தாளமும் ஒடுக்கமுமாக, குடியிருப்பாக இராது. லொறியும் லயனும் றப்பரும் மொழிமுதல் விதியையும் மீறுகின்றன. நன்னூலைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கருவி இவற்றைத் தேடலின் வாசலிலேயே நிறுத்திவிடும். விதியைத் தமிழ்ச்சொல்லுக்கு வைத்துக்கொண்டு, புழக்கத்துக்கு வந்த பிறசொற்களுக்கு வழிவிடும் பட்டியல்தான் இங்கே செல்லும்.

ஒரு சொல் பட்டியலில் இல்லை என்று கைத்தொலைபேசி சொல்லும்போது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைப் பட்டியலின் குறையாக எடுத்துக்கொள்ளாது. தன் வீட்டுச் சொல் தமிழே இல்லை போலும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு நூற்றாண்டாகத் தோட்டத்துத் தமிழ் கேட்டு வந்த இளக்காரத்தை இயந்திரத்தின் வாயாலும் கேட்க வைப்பது பெரிய அநியாயம். விடைதேடும் கருவியைப் பற்றி எனக்கிருக்கும் முதல் கவலை இதுதான். ஏமாற்று பற்றிய கவலை இதற்குப் பின்னால்தான்.

விகுதி ஏறிய வடிவங்கள் இன்னொரு தடை. புதிரில் 'நட' என்று வராமல் 'நடந்தான்', 'நடப்பது' என்று வரலாம். அகராதித் தலைச்சொற்களை மட்டும் வைத்திருப்பது போதாது. ஒரு வினையிலிருந்து வரக்கூடிய வடிவங்கள் நூற்றுக்கணக்கில் பெருகும். இலங்கை ஆய்வாளர் க. சர்வேஸ்வரன் முன்னின்று உருவாக்கிய தமிழிமோர்ப் என்ற உருபனியல் பகுப்பான் போன்றவை இந்த வேலைக்கு நேரே உதவும். பெரிய மொழி மாதிரிகளை நம்பலாமா என்றால், எழுத்தை எண்ணும் வேலையில் அவை இன்னும் தடுமாறுகின்றன. தமிழ்ச் சொல்லை எழுத்தெல்லையைப் பாராமல் துண்டாக்கிப் படிப்பது அதற்கு ஒரு காரணம்.

இனி ஏமாற்று பற்றி. இந்தியாவில் பரிசுக் குறுக்கெழுத்து ஒரு காலத்தில் சட்டப் பிரச்சினையாகவே ஆனது. 1955 ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிகள் சட்டம், எழுத்து, சொல், எண் ஆகியவற்றைச் சேர்த்தும் மாற்றியும் அடுக்கும் புதிர்களுக்குப் பரிசு கொடுப்பதைக் கட்டுப்படுத்தி, மாதத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. பெங்களூரிலிருந்து போட்டி நடத்திய சமர்பாக்வாலா தொடர்பான வழக்குகளில் 1957 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமையே பெரும்பங்கு வகிக்கும் போட்டி சூதாகாது, அதிர்ஷ்டத்தால் வெல்வது சூது என்பது அதன் பிரிப்பு. அத்தகைய போட்டிகளில் ஒரு குறிப்புக்கு இரண்டு சொற்கள் சமமாகப் பொருந்தும். நடத்துபவர் முன்கூட்டி முத்திரையிட்டு வைத்திருந்ததோடு ஒத்துப்போனவருக்கே பரிசு. அங்கே எந்த அகராதியும் உதவாது. அகராதி உதவாத புதிர் சூதுதான். அகராதியைத் திறந்தவுடன் முழுவதும் கரைந்துவிடும் புதிரும் புதிரல்ல. பரிசுப் போட்டிக்குக் கருவியைத் தொட்டால் அது அடுத்தவர் பங்கை எடுப்பது, அதில் எனக்குச் சமாதானம் இல்லை. பரிசு இல்லாத இடத்தில், தலையைச் சொறிந்து முடித்த பிறகு தேடுவது நிகண்டைப் புரட்டுவதற்குச் சமம். நியூயார்க் டைம்ஸ் 2022 இல் கொண்டுவந்த வேர்டில்பாட் ஆடி முடித்த பிறகே பேசும். எங்கே வேறு சொல் போட்டிருக்கலாம் என்று காட்டும். பிள்ளைகளுக்கான தமிழ்க் கருவிக்கு அந்த ஒழுங்கே ஏற்றது.

அப்படியொரு கருவிக்குக் கண்டி கொடுக்கக்கூடியது மலையகச் சொற்பட்டியல். அதற்கான ஆதாரங்கள் சிதறிக் கிடக்கின்றன, அழியவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் இருக்கின்றன. தோட்டத்துரைமார் தொழிலாளரோடு பேசுவதற்காக அச்சிட்ட 'இங்கே வா', 'கூலித் தமிழ்' போன்ற கையேடுகள் இருக்கின்றன. தலைப்பே அந்த உறவின் இழிவைச் சொல்கிறது, ஆனாலும் அன்றாடச் சொற்கள் அவற்றுக்குள் பதிவாகியிருக்கின்றன. 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளும் இதழ்களும் படங்களாக ஏறியிருக்கின்றன. அவற்றிலிருந்து குறுக்கெழுத்துப் பக்கங்களை மட்டும் பிரித்துத் தட்டச்சு செய்தால், குறிப்பும் விடையும் சேர்ந்த ஒரு சொற்களஞ்சியம் கிடைக்கும். ஒரு சொல்லை இலங்கை வாசகர் எந்தப் பொருளில் அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிட நேரான சான்று குறைவு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறையும் பொறியியல் பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. தமிழ் மாணவர் ஒருவர் சொல்லையும் பொருளையும் சரிபார்க்க, கணினி மாணவர் ஒருவர் எழுத்துப் பிரிப்பையும் குறியீட்டு ஒழுங்கையும் கவனித்தால், இது ஓர் இளங்கலை ஆய்வேட்டுக்குள் தொடங்கிவிடக்கூடிய வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் வட்டாரம், பிற எழுத்து வடிவங்கள், மலையகப் பொருள் என்று மூன்று பத்திகள் கட்டாயம் வேண்டும். லயம் என்ற சொல்லுக்கு எதிரே குடியிருப்பு என்ற பொருளும் லயன் என்ற மாற்று வடிவமும் ஏற வேண்டும். பட்டியலை யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தில் வெளியிட்டால், சென்னையில் செயலி செய்பவரும் டொரொன்டோவில் செய்பவரும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள்.